பழைய சிகிச்சை அட்டையில் "6000 ஆர்": இன்றைய கிரே கணக்கில் எவ்வளவு?

வைகைக்கரை:
வணக்கம் நண்பர்களே. பெரியப்பாவுக்கு 1983-இல் குரல்வளையில் புற்றுநோய் வந்து, கோபால்ட் இயந்திரத்தில் கரண்ட் வைத்தார்கள். எங்கள் வீட்டில் இன்றைக்கும் ரேடியேஷனைக் 'கரண்ட் வைப்பது' என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பிறகு மனிதர் நன்றாகத்தான் இருந்தார். இப்போது உணவுக்குழாயின் மேல்பகுதியில் புதிதாக ஒரு கட்டி. பழைய கட்டிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லையாம். ஆனால் இடம் கிட்டத்தட்ட அதே கழுத்துதான்.

புது டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "அப்போ எத்தனை கிரே கொடுத்தாங்க?" பெரியம்மா பீரோவிலிருந்து பழுப்பேறிய அட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதில் கிரே என்ற சொல்லே இல்லை. "டி.டி. 6000 ஆர் / 30# / 6 வாரம்" என்று மையில் எழுதியிருக்கிறது, அவ்வளவுதான்.

இணையத்தில் அலகு மாற்றும் தளங்களில் போட்டுப் பார்த்தேன். 'ஆர்' என்பது ராட் என்றால் 60 கிரே என்கிறது. ராண்ட்ஜன் என்றால் 52.6 கிரே என்கிறது. ஏழு கிரேக்கு மேல் இடிக்கிறதே! எதை டாக்டரிடம் சொல்வது? அப்புறம் அந்த # என்ன? எலும்பு முறிவுக்குத்தான் டாக்டர்கள் அந்தக் குறி போடுவார்கள் என்று என் மைத்துனர் பயமுறுத்துகிறார்.

அரைகுறைப்பொறியாளர்:
இதற்கு எதற்கு ஓர் இழை? 100 ராட் = 1 கிரே. நூறால் வகுத்தால் 60. முடிந்தது.

வேண்டுமானால் கணக்கையும் போட்டுக் காட்டுகிறேன். ராட் என்பது ஒரு கிராம் பொருள் 100 எர்க் ஆற்றலை உறிஞ்சுவது. ஒரு கோடி எர்க் சேர்ந்தால் ஒரு ஜூல். ஆகவே கிராமுக்கு 100 எர்க் என்பது கிலோவுக்கு ஒரு லட்சம் எர்க், அதாவது 0.01 ஜூல். கிரே என்பது கிலோவுக்கு 1 ஜூல். நூறு மடங்கு. பத்தாம் வகுப்புக் கணக்கு.

கோபால்ட்60:
வைகைக்கரை, முதலில் மைத்துனர் பிரச்சினையை முடித்துவிடுவோம். எலும்பு சிகிச்சைப் பிரிவில் # என்றால் முறிவு. ரேடியோதெரபி பிரிவில் அதே குறி 'ஃப்ராக்ஷன்', அதாவது ஒரு வேளை சிகிச்சை. 30# என்றால் முப்பது வேளையாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். வாரம் ஐந்து நாள் வீதம் ஆறு வாரம். கணக்கு சரியாக வருகிறது. 'டி.டி.' என்பது ட்யூமர் டோஸ், கட்டி இருக்கும் ஆழத்தில் கிடைத்த அளவு. தோலில் விழுந்த அளவு அல்ல. நான் மருத்துவ இயற்பியல் துறையில்தான் வேலை பார்க்கிறேன். இந்த மாதிரி அட்டைகள் எங்களிடமும் வரும்.

பொறியாளர் சொன்ன கணக்கில் தப்பில்லை. ராட்டிலிருந்து கிரேக்குப் போக நூறால் வகுத்தால் போதும். ஆனால் கேள்வி அங்கே இல்லை. அட்டையில் இருப்பது ராட்டா, ராண்ட்ஜனா? இரண்டும் ஒரே பொருளின் இரண்டு அலகுகள் அல்ல. ராண்ட்ஜன், எக்ஸ் கதிரோ காமா கதிரோ காற்றில் எவ்வளவு மின்னூட்டத்தை உண்டாக்குகிறது என்பதன் அளவு. காற்று, காற்று மட்டும்தான். ராட்டும் கிரேயும் எந்தப் பொருளானாலும் அது உறிஞ்சிய ஆற்றலின் அளவு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகவேண்டுமென்றால் நடுவில் 'எந்தப் பொருள்?' என்று கேட்டாக வேண்டும்.

உங்களுக்கு 52.6 வந்த கதை இதுதான். ஒரு ராண்ட்ஜன் என்பது ஒரு கிலோ காற்றில் 0.000258 கூலும். காற்றில் ஒரு கூலும் மின்னூட்டம் உண்டாக்கச் சராசரியாக 33.97 ஜூல் செலவாகும். பெருக்கினால் 0.00876 ஜூல். ஆக, ஒரு ராண்ட்ஜன் விழுந்த இடத்தில் காற்று வாங்கிக்கொள்வது 0.00876 கிரே. 6000-ஆல் பெருக்கினால் 52.6. அந்தத் தளம் உங்கள் பெரியப்பாவின் கழுத்தைக் காற்று என்று எடுத்துக்கொண்டுவிட்டது!

தசை காற்று அல்ல. அதில் ஹைட்ரஜன் அதிகம், அதனால் கிராமுக்கு எலக்ட்ரானும் அதிகம். கோபால்ட் காமா கதிருக்கு, காற்று வாங்குவதைவிட ஒன்பது சதவீதம் போலக் கூடுதலாக வாங்கும். ஒரு ராண்ட்ஜனுக்கு சுமார் 0.957 ராட். ஆக 6000 ராண்ட்ஜன் என்றே வைத்துக்கொண்டாலும் தசையில் 5742 ராட், அதாவது 57.4 கிரே. உங்கள் ஏழு கிரே இடைவெளி இரண்டரையாகச் சுருங்கிவிட்டது.

மிச்சமிருக்கும் சந்தேகத்துக்கு என் பதில்: 1983-இல் எழுதியது என்றால் அது ராட்தான். ராட் 1953-இலேயே வந்துவிட்டது. ஆனாலும் பழைய கை, சுருக்கமாக 'ஆர்' என்று போட்டுவிட்டுப் போகும்.

ஓய்வு_டெக்னாலஜிஸ்ட்:
தம்பி கோபால்ட்60, அவ்வளவு உறுதியாகச் சொல்லாதீர்கள். நான் எழுபதுகளின் கடைசியில் வேலையில் சேர்ந்தவன். நாங்கள் அளவெடுத்த மானி ராண்ட்ஜனில்தான் காட்டும். அறைக் கதவில் ஒட்டியிருந்த சோர்ஸ் (இயந்திரத்துக்குள் கதிரை வெளியிடும் கோபால்ட்) விவரத்தில் ஆர்.எம்.எம். என்றுதான் இருக்கும். ஒரு மீட்டர் தூரத்தில் நிமிடத்துக்கு எத்தனை ராண்ட்ஜன் என்ற அளவு. நீங்கள் என்னவோ ராண்ட்ஜனெல்லாம் கற்காலம் மாதிரிப் பேசுகிறீர்களே.

கோபால்ட்60:
ஐயா, கற்காலம் என்று நான் சொல்லவே இல்லை. ஆர்.எம்.எம். இன்றைக்கும் இருக்கிறது. நம் நாட்டுத் தயாரிப்பான பாபாட்ரான் கோபால்ட் இயந்திரத்துக்குப் புது சோர்ஸ் கேட்டாலும் 200 ஆர்.எம்.எம். என்றுதான் பேச்சு. அதை மாற்றினால், ஒரு மீட்டரில் காற்றுக்கு நிமிடத்துக்கு 175 சென்டிகிரே வரும்.

ஆனால் நீங்கள் சொல்வது சோர்ஸின் பலம். அட்டையில் எழுதுவது நோயாளிக்குக் கிடைத்த அளவு. மானி ராண்ட்ஜனில் காட்டியதை இயற்பியலாளர் ஒரு காரணியால் பெருக்கி, ஆழத்துக்கு ஏற்ற சதவீதம் போட்டு, நிமிடக் கணக்காக்கித்தான் உங்கள் கையில் கொடுத்திருப்பார். கோபால்ட்டுக்கு அந்தக் காரணி 0.95. 1969-இலிருந்தே சர்வதேசப் பரிந்துரையில் இருந்தது.

ஓய்வு_டெக்னாலஜிஸ்ட்:
பெருக்கினார் என்பது உங்கள் நம்பிக்கை. பெரிய ஆஸ்பத்திரிகளில் இயற்பியலாளர் இருந்தார், பெருக்கினார். இயற்பியலாளரே எப்போதாவது வந்து போகிற இடங்களும் இருந்தன. அங்கே யார் பெருக்கினார்கள், யார் மறந்தார்கள் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த அட்டையை எழுதிய கை எந்த வகை?

கோபால்ட்60:
நியாயமான கேள்வி. அதனால்தான் இந்த மாதிரி இடத்தில் 'எது உண்மை' என்பதற்கு முன்னால் 'எதைத் தப்பாக நினைத்தால் ஆபத்து' என்று பார்ப்போம். இப்போது டாக்டருக்கு இருக்கும் கவலை தண்டுவடம். அது ஏற்கெனவே எவ்வளவு வாங்கியது, இனி எவ்வளவு தாங்கும் என்பது. குறைவாக வாங்கியது என்று நினைத்துக்கொண்டு மேலே கொடுத்தால்தான் வம்பு. ஆகவே பெரிய எண்ணை, 60-ஐ எடுத்துக்கொள்வதே பாதுகாப்பான பக்கம். பக்கத்தில் 'ராண்ட்ஜனாக இருந்தால் 57.4' என்று ஒரு குறிப்பு போதும். இரண்டுக்கும் வித்தியாசம் 4 சதவீதம். நோயாளிக்குக் கிடைக்கும் அளவு 5 சதவீதத்துக்குள் துல்லியமாக இருக்க வேண்டும் என்று 1976-இல்தான் சர்வதேச அளவில் பரிந்துரையே வந்தது. சி.டி. பார்த்துத் திட்டமிடாத காலத்துச் சிகிச்சையில் அந்த 4 சதவீதம் மற்ற தடுமாற்றங்களுக்குள் கரைந்துபோகும்.

ஆனால் ஐயா சொல்வதில் ஒரு விஷயம் முக்கியம். அட்டை கோபால்ட்டுக்கு முந்தைய டீப் எக்ஸ்ரே இயந்திரத்துடையதாக இருந்திருந்தால் நான் இவ்வளவு அலட்சியமாக இருக்க மாட்டேன். குறைந்த ஆற்றல் எக்ஸ் கதிரில் எலும்பும் தசையும் ஒரே மாதிரி உறிஞ்சாது. 30 கிலோ எலக்ட்ரான் வோல்ட் பக்கத்தில் ஒரு ராண்ட்ஜனுக்கு எலும்பு 4 ராட்டுக்கு மேலேயே வாங்கிவிடும். தசை ஒன்றைக்கூடத் தொடாது. கோபால்ட் ஆற்றலில் இரண்டும் கிட்டத்தட்ட சமம். தோல் நோய்களுக்கெல்லாம் அந்தக் காலத்தில் ராண்ட்ஜன் கணக்கில் கொடுத்த பழைய பதிவுகளை ஒரே காரணியை வைத்து கிரே ஆக்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அரைகுறைப்பொறியாளர்:
சரி, நூறால் வகுத்தால் முடிந்தது என்று நான் சொன்னதற்கு இவ்வளவு வகுப்பா. ஒரே ஒரு சந்தேகம். கிரே வந்த பிறகும் ஏன் ஆஸ்பத்திரிகளில் சென்டிகிரே என்று எழுதுகிறார்கள்? எங்கேயும் யாரும் சென்டிஜூல் என்று சொல்லிக் கேட்டதில்லையே.

ஓய்வு_டெக்னாலஜிஸ்ட்:
இதற்கு நான் சொல்கிறேன். கிரே என்ற பெயரை 1975-இல் எடைகள், அளவுகளுக்கான பொது மாநாட்டில் ஏற்றுக்கொண்டார்கள். லூயிஸ் ஹெரால்ட் கிரே என்ற இங்கிலாந்து இயற்பியலாளர் நினைவாக. மனிதர் அதற்குப் பத்து வருஷம் முன்பே, 1965-இல் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனால் பெயர் மாறினால் கை மாறுமா? தினமும் 200 ராட் கொடுத்துப் பழகிய ஆட்களிடம் "இனி 2 என்று எழுது" என்றால் புள்ளி எங்கே விழும் என்று யாருக்குத் தெரியும்? 1 சென்டிகிரே சரியாக 1 ராட். ஆகவே எண்ணைத் தொடாமல் அலகின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டோம். 200 ராட், 200 சென்டிகிரே. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அந்தப் பழக்கம்தான் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கோபால்ட்60:
லீனியர் ஆக்ஸிலரேட்டரிலும் (கோபால்ட் இல்லாமல் மின்சாரத்தால் கதிரை உண்டாக்கும் சிகிச்சை இயந்திரம்) அதே வாசனை உண்டு. இயந்திரம் நிமிடக் கணக்கில் ஓடாது, 'மானிட்டர் யூனிட்' கணக்கில் ஓடும். பொதுவாக 10×10 செ.மீ. புலத்தில் (கதிர் விழும் பரப்பு), அளவு உச்சம் தொடும் ஆழத்தில், 1 யூனிட்டுக்கு 1 சென்டிகிரே வருகிற மாதிரி திருத்தி வைப்போம். பழைய ராட் வேறு பெயரில் உட்கார்ந்திருக்கிறது.

செம்பருத்தி:
நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். செர்னோபில் பற்றிப் படிக்கும்போது 4, 5 சீவர்ட் வாங்கினால் பாதிப் பேர் இறந்துவிடுவார்கள் என்று போட்டிருக்கிறது. எக்ஸ் கதிர், காமாவுக்கு 1 கிரே = 1 சீவர்ட் என்றும் போட்டிருக்கிறது. அப்படியானால் இவர் பெரியப்பா 60 சீவர்ட் வாங்கிவிட்டு நாற்பது வருஷம் எப்படி இருந்தார்? கேலிக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியவில்லை.

பாதரசம்:
நான் பள்ளியில் இயற்பியல் வாத்தியார். இதை மாணவர்களும் கேட்பார்கள்.

கிரே என்பது 'கிலோவுக்கு எத்தனை ஜூல்' என்ற விகிதம். மொத்தம் எத்தனை ஜூல் என்பது அதில் தெரியாது. செர்னோபில் கணக்கு முழு உடலுக்கானது: 70 கிலோ மனிதர், உடல் முழுக்க 4 கிரே, மொத்தம் 280 ஜூல். பெரியப்பாவுக்கு 60 கிரே கிடைத்தது கழுத்துப் பகுதிக்கு மட்டும். அதைத் தோராயமாக ஒரு கிலோ என்று வையுங்கள். மொத்தம் 60 ஜூல்தான். அதுவும் முப்பது வேளையாக. இடைப்பட்ட நேரத்தில் நல்ல செல்கள் பழுதுபார்த்துக்கொள்ளும். முழு உடல் கதிர்வீச்சில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் எலும்பு மஜ்ஜை அழிவது. கழுத்தில் மட்டும் அடித்தால் இடுப்பு எலும்பிலும் முதுகெலும்பின் மற்ற பகுதிகளிலும் உள்ள மஜ்ஜை பத்திரமாக இருக்கும்.

இன்னொரு பக்கம் பாருங்கள். ஆளைக் கொல்லும் அந்த 280 ஜூல் எவ்வளவு அற்பம் தெரியுமா? 60 டிகிரி சூட்டில் மூன்று மில்லி தேநீர் குடித்தால் அது உடல் சூட்டுக்கு ஆறுவதற்குள் விட்டுக்கொடுக்கும் வெப்பம் ஏறக்குறைய அவ்வளவுதான். உடல் வெப்பம் ஆயிரத்தில் ஒரு டிகிரிதான் ஏறும். அதே ஆற்றல் தேநீரில் வந்தால் நாக்கு சுடும், கதிராக வந்தால் டி.என்.ஏ. இழையை அறுக்கும். ஜூலை மட்டும் வைத்து ஆபத்தை எடைபோட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல கணக்கு கிடையாது.

கோபால்ட்60:
வாத்தியார் சொன்னதோடு ஒரு வால். சீவர்ட்டை இந்த இடத்தில் பயன்படுத்தவே கூடாது. அது பாதுகாப்புக் கணக்குக்கான அலகு: குறைந்த அளவுகளில், பிற்காலத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பை எடைபோட. கதிரின் வகைக்கு ஓர் எடை உண்டு. எக்ஸ், காமா, பீட்டாவுக்கு 1, புரோட்டானுக்கு 2, ஆல்ஃபாவுக்கு 20. அப்புறம் உறுப்புக்கு ஓர் எடை, நுரையீரலுக்கு 0.12, தைராய்டுக்கு 0.04 என்கிற மாதிரி. இரண்டையும் போட்டால்தான் முழு உடலுக்கான சீவர்ட். '1 கிரே = 1 சீவர்ட்' என்பது காமா கதிர் உடல் முழுக்க ஒரே சீராக விழுந்தால் மட்டும் பொருந்தும் வாக்கியம். அலகு மாற்றும் தளங்கள் இந்த நிபந்தனையைச் சொல்லாமல் இரண்டையும் ஒரே பட்டியலில் போடுவதுதான் எனக்கு எரிச்சல்.

செம்பருத்தி:
நன்றி. அப்படியே என்னுடையதையும் கேட்டுவிடுகிறேன். அம்மாவுக்குத் தலையில் சி.டி. எடுத்தோம். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் 'டி.எல்.பி. 980 மில்லிகிரே.செ.மீ.' என்று இருக்கிறது. கிட்டத்தட்ட 1 கிரேயா? நான் ஒரு வாரமாகத் தூங்கவில்லை.

சி.டி.அறை:
தூங்குங்கள். அது மில்லிகிரே அல்ல, மில்லிகிரே பெருக்கல் சென்டிமீட்டர். அதே பக்கத்தில் 'சி.டி.டி.ஐ.' (ஸ்கேன் இயந்திரம் கொடுத்த கதிர் அளவின் குறியீடு) என்று இன்னொரு எண் இருக்குமே? பெரியவர்களின் தலைக்கு 60 மில்லிகிரேக்கு அருகில் இருப்பது வழக்கம். அதை ஸ்கேன் செய்த நீளத்தால் பெருக்கியதுதான் டி.எல்.பி. 58 என்று இருந்தால் 980-ஐ 58-ஆல் வகுத்தால் 17 செ.மீ. போல வரும். தலையின் உயரம்.

டி.எல்.பி.யிலிருந்து மில்லிசீவர்ட்டுக்குப் போக ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பெருக்கெண் உண்டு. பெரியவர்களுக்குத் தலை 0.0021, மார்பு 0.014, வயிறும் இடுப்பும் சேர்ந்து 0.015. அம்மாவுக்கு 980 × 0.0021, அதாவது 2 மில்லிசீவர்ட் சுமார். இயற்கையில் உலகச் சராசரி மனிதருக்கு ஒரு வருஷத்தில் கிடைப்பதே 2.4. அதே 980 வயிற்று ஸ்கேனில் வந்திருந்தால் 15 மில்லிசீவர்ட் ஆகியிருக்கும், கவனியுங்கள். எண் ஒன்று, இடம் வேறு.

செம்பருத்தி:
58.2 என்றே இருக்கிறது! நன்றி அண்ணா.

வைகைக்கரை:
எல்லோருக்கும் நன்றி. கோபால்ட்60 சொன்ன மாதிரி 60 என்று எழுதி, 57.4 குறிப்பையும் போட்டு எடுத்துப் போனேன். அங்கிருந்த இயற்பியலாளர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். நான் பின்பக்கத்தைக் கவனிக்கவே இல்லை. "12×8, இரு பக்கம், எஸ்.எஸ்.டி. 80, கார்டு ஷீல்டு 22#-க்குப் பின்" என்று பென்சிலில் இருக்கிறது. அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது, நல்ல விதமாக. 'இதுதான் எனக்கு வேணும், 60 இல்லை' என்றார். கூட்டமாக இருந்ததால் மேலே கேட்க முடியவில்லை. இதில் என்ன இருக்கிறது?

கோபால்ட்60:
அருமை! பெரியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

இடமும் வலமுமாக எதிரெதிரே இரண்டு புலங்கள், 12 செ.மீ.க்கு 8. எஸ்.எஸ்.டி. 80 என்பது சோர்ஸிலிருந்து தோல் வரை 80 செ.மீ. தூரம். 'கார்டு' என்றால் தண்டுவடம். நிணநீர்க் கணுக்களையும் சேர்த்துப் பெரிய புலமாக வைத்திருக்கிறார்கள். பக்கவாட்டில் அடிக்கும்போது கழுத்துத் தண்டுவடமும் அந்தப் பாதையில் வந்துவிடும். கட்டி எவ்வளவு வாங்குகிறதோ, தண்டுவடமும் கிட்டத்தட்ட அவ்வளவு வாங்கும். அதனால் ஒரு கட்டத்தில் அந்தப் பகுதியை ஈயக் கட்டையால் மறைத்துவிட்டு மிச்சத்தைக் கொடுப்பார்கள். 22 வேளைக்குப் பிறகு மறைத்திருக்கிறார்கள். வேளைக்கு 200 வீதம் 22 வேளை என்றால் 4400. ஆக, கட்டிக்கு 60 கிரே கிடைத்தாலும் தண்டுவடத்துக்கு 44 கிரே, அதற்குப் பிறகு கட்டையின் ஓரத்தில் சிதறி விழுந்தது கொஞ்சம். வழக்கமான வேளைக்கு 2 கிரே கணக்கில் தண்டுவடத்துக்கு 50 கிரே வரை பாதிப்பு மிக அரிது, 60-இல் நூற்றில் ஆறு பேர் அளவுக்கு ஏறும் என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்ன கணக்கு. புது டாக்டருக்குக் கதவு திறந்தது அந்த 44-இல்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அடுத்து உங்களைக் குழப்பப்போவது அதுதான். பழைய 44-ஐயும் புதிதாகக் கொடுக்கப்போவதையும் அப்படியே கூட்ட மாட்டார்கள். கிரே ஒன்றாக இருந்தாலும் வேளைக்கு எவ்வளவு என்பது மாறினால் விளைவு மாறும். அதனால் எல்லாவற்றையும் 'வேளைக்கு 2 கிரே கொடுத்திருந்தால் எதற்குச் சமம்' என்று மாற்றிக்கொள்வோம். மொத்த அளவு × (வேளை அளவு + ஆல்ஃபா/பீட்டா) ÷ (2 + ஆல்ஃபா/பீட்டா). ஆல்ஃபா/பீட்டா என்பது இங்கே கதிர் வகை அல்ல, வேளை அளவு மாறினால் ஒரு திசு எவ்வளவு பாதிக்கப்படும் என்பதைக் காட்டும் எண். தண்டுவடத்துக்கு அதை 2 என்று எடுப்பது வழக்கம். உங்கள் அட்டையில் வேளைக்கு 2 என்பதால் 44 அப்படியே 44. அதே காலத்தில் 20 வேளையில் 5000 ராட் கொடுத்த இடங்களும் உண்டு. வேளைக்கு 2.5 கிரே. மறைப்பு எதுவும் வைக்காமல் தண்டுவடமும் அதை முழுசாக வாங்கியிருந்தால் 50 × 4.5 ÷ 4, அதாவது 56 கிரேக்குச் சமம். அட்டையில் 6000-க்குப் பதில் 5000 என்று சின்ன எண் இருந்திருக்கும், தண்டுவடத்துக்குப் பட்டது அதிகமாக இருந்திருக்கும்.

நாற்பது வருஷ இடைவெளியில் தண்டுவடம் ஓரளவு தேறியிருக்கும் என்பதும் உண்மை. அதற்கு எவ்வளவு கழிப்பது என்பது உங்கள் டாக்டரின் முடிவு. இங்கே உட்கார்ந்து நான் எண் சொல்ல மாட்டேன்.

ஓய்வு_டெக்னாலஜிஸ்ட்:
22#-க்குப் பின் ஷீல்டு என்று எழுதி வைத்த இடம், ராண்ட்ஜனைப் பெருக்க மறந்திருக்காது. 4400 என்று யோசித்துத்தான் அந்த 22 வந்திருக்கிறது. தம்பி, ராட் என்றே ஒத்துக்கொள்கிறேன். பென்சிலால் எழுதியது யார் என்று தெரிந்தால் கைகுலுக்குவேன்.

அரைகுறைப்பொறியாளர்:
ஐயா ஒத்துக்கொண்டதை யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

நாஞ்சில்காரன்:
தலைப்பு கொஞ்சம் விலகும், ஆனால் அலகு பற்றித்தான். எனக்கு ஊர் மணவாளக்குறிச்சி பக்கம். எங்கள் கடற்கரை மணலில் மோனசைட் இருப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நண்பர் ஒருவர் பழைய கைகர் மானி ஒன்று வைத்திருக்கிறார். கரிமணல் திட்டில் வைத்தால் மணிக்கு 300 மைக்ரோ ராண்ட்ஜன் பக்கம் காட்டியது. ஊரில் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒருவர் 300 மைக்ரோசீவர்ட் என்றார், இன்னொருவர் அது ஒன்றுமே இல்லை என்றார். எது சரி?

பாதரசம்:
300 மைக்ரோசீவர்ட் என்றவர் நூறு மடங்கு ஏற்றிவிட்டார். காமாவுக்கு மனக்கணக்கு: 100 மைக்ரோ ராண்ட்ஜன் சுமார் 1 மைக்ரோசீவர்ட். ஆக உங்களுடையது மணிக்கு 3-ஐ ஒட்டி. மானியைப் பார்க்கிறவர்கள் இந்த நூறைத்தான் அடிக்கடி தவறவிடுவார்கள். மில்லி, மைக்ரோ குழப்பம் அதற்கு மேல் ஆயிரம்.

கோபால்ட்60:
இன்னும் கொஞ்சம் கறாராகப் போட்டால், 300 × 0.00876, காற்றில் மணிக்கு 2.63 மைக்ரோகிரே. வருஷத்துக்கு 8760 மணி. (0.00876-உம் 8760-உம் ஒரே இலக்கங்கள் என்பது தற்செயல். ஆனால் நினைவில் வைக்க வசதி.) அந்தத் திட்டிலேயே வருஷம் முழுக்கப் படுத்திருந்தால் காற்றில் 23 மில்லிகிரே. மனிதர் வெளியில் இருப்பது ஐந்தில் ஒரு பங்கு நேரம் என்றும், காற்றின் கிரேயிலிருந்து உடலின் சீவர்ட்டுக்கு 0.7 என்றும் எடுப்பது வழக்கம். இரண்டையும் போட்டால் 3.2 மில்லிசீவர்ட். வீட்டுக்குள் இருப்பதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். ஒன்றுமே இல்லை என்பதும் சரியல்ல, இயற்கைச் சராசரியைவிடக் கூடுதல்தான். ஒப்பிட வேண்டுமென்றால், பக்கத்துக் கேரளத்தில் கருநாகப்பள்ளிக் கடற்கரையில் சில இடங்களில் வருஷத்துக்கு 70 மில்லிகிரே வரை அளந்திருக்கிறார்கள். அங்கே வசிப்பவர்களை நீண்ட காலம் தொடர்ந்து பார்த்து 2009-இல் வெளியான ஆய்வில் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை.

செம்பருத்தி:
செர்னோபிலில் "3.6 ராண்ட்ஜன்" என்று அடிக்கடி வருகிறதே, அதையும் இந்தக் கணக்கில் சொல்ல முடியுமா?

கோபால்ட்60:
மணிக்கு 3.6 ராண்ட்ஜன் என்றால் காற்றில் மணிக்கு 31.5 மில்லிகிரே. ஆனால் அந்த எண்ணை மாற்றிப் பயனில்லை. அங்கே கையிலிருந்த மானிகளின் உச்ச அளவு நொடிக்கு 1000 மைக்ரோ ராண்ட்ஜன். 3600 நொடியால் பெருக்கினால் சரியாக 3.6. முள் முட்டி நின்ற இடம் அது. உண்மையான அளவு அதற்கு எத்தனையோ மடங்கு மேலே இருந்தது.

நாஞ்சில்காரன்:
நல்ல வேளை, எங்கள் மானியில் முள் பாதியில்தான் நின்றது. இன்னொன்று: மணலை ஒட்டி வைத்தால் இன்னும் ஏறுகிறது, இடுப்பு உயரத்தில் குறைகிறது. எதை எடுத்துக்கொள்வது?

கோபால்ட்60:
தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில், மானியின் சன்னலுக்கு மூடி இருந்தால் அதைப் போட்டுக்கொண்டு. ஒட்டி வைக்கும்போது பீட்டாவும் உள்ளே போய்விடும். அந்த எண்ணிக்கையை ராண்ட்ஜன் என்று படிக்கவே கூடாது, ஏனென்றால் மானியைத் திருத்தியது பெரும்பாலும் சீசியம்-137 காமாவுக்காக. மோனசைட்டில் இருப்பது தோரியம் வரிசை, அதன் காமா ஆற்றல்கள் வேறு. முன்பு சொன்ன 300 எந்த உயரத்தில் எடுத்தது?

நாஞ்சில்காரன்:
மணலிலேயே வைத்துத்தான். நாளைக்கு ஒரு மீட்டரில் எடுத்துப் போடுகிறேன்.